குடிகாரத் தகப்பன் வேடம்

அந்தப் போத்தலுக்குள் இருந்தது பிளேன்ரீ. பாலும் சீனியும் போடாத, சாயம் கூடின வெறும் தேத்தண்ணி. அதை ஊற்றிக் கொடுத்தவர் என் அம்மா. நாடகம் மேடையேறிய நாள் பின்னேரம் எங்கள் குசினியில் கேத்தலை இறக்கி ஆறவைத்து, நாடக மாஸ்டர் கொண்டுவந்து தந்த வெறும் சாராயப் போத்தலுக்குள் புனல் வைத்து, ஒரு சொட்டும் சிந்தாமல் ஊற்றினார். "வெளிச்சத்தில பிடிச்சுப் பாருங்கோ மாஸ்டர், நிறம் சரியோ?" என்று வேறு கேட்டார். மாஸ்டர் ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "அச்சொட்டாக் கிடக்கு அக்கா" என்றார். எங்கள் வீட்டுக்குள் ஒரு சாராயப் போத்தல் வந்தது அன்றைக்கு மட்டும்தான். அதை மாஸ்டர் கையில் பிடித்துக்கொண்டு எங்கள் படலையைத் திறந்து ஒழுங்கைக்குப் போனதை எத்தனை பேர் பார்த்தார்களோ தெரியாது.

இப்போது நான் நகரத்தில் ஒரு வாசிகசாலையில் வேலை செய்கிறேன். அண்மையில் ஒரு தம்பி தேடி வந்தார். மாஸ்டருக்கு எண்பது வயது ஆகிறதாம். விழா எடுக்கிறார்களாம். மலர் ஒன்றும் வெளியிடுகிறார்களாம். "அக்கா, மாஸ்டரின்ர பேர்போன நாடகத்தில மகளா நடிச்சது நீங்கள்தானே. மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தாங்கோ" என்றார். சரி, எழுதித் தந்தால் போச்சு என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "மாஸ்டர் உங்களையும் அம்மாவையும் எப்பிடிக் காப்பாத்தினவர் எண்டதையும் கொஞ்சம் எழுதுங்கோ அக்கா. உங்கட அப்பா அந்த நாடகத்தைப் பார்த்துத்தானே குடியை விட்டவர். சனத்துக்கு மனதில நிக்கும்" என்றார். மரியாதையான பிள்ளை. என் மனம் நோகக்கூடாது என்றுதான் குரலைத் தாழ்த்தினார். எனக்கு அந்த மரியாதையைக் கண்டதும் பத்திக்கொண்டு வந்தது. ஒரு பக்கத்தில் எழுதி முடிகிற விஷயமல்ல, ஆகவே மலருக்குக் கொடுக்காததை இங்கே எழுதுகிறேன்.

நாடக மாஸ்டர் எங்கள் ஒழுங்கையில் சில வீடு தள்ளி இருந்தவர். எந்தப் பள்ளிக்கூடத்திலும் படிப்பித்தவரல்ல. ஒரு கந்தோரில் கிளாக்கர். நாடகம் பழக்கியபடியால் ஊர் அவரை மாஸ்டர் ஆக்கிவிட்டது. கந்தோர் விட்டதும் சைக்கிளை மிதித்துக்கொண்டு நேரே மாதா கோயில் மண்டபத்துக்குப் போய்விடுவார். அங்கே அவருடைய பெரிய றங்குப்பெட்டி ஒன்று கிடந்தது. அதற்குள் உடுப்பு இருக்கிறது என்று யாராவது சொன்னால் கோபம் வரும். "உடுப்பில்லை, ஆக்கள்" என்பார். கேட்டால் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுவார். சரிகைச் சால்வை, அதைப் போட்டால் வட்டிக்காரன். வெள்ளைச் சீலை என்றால் கண்ணீர் விடுகிற தாய். மூக்குக்கண்ணாடி போட்டவர் வெளியிலிருந்து வந்து எல்லாரையும் திருத்துகிற நல்ல மனிதர். கோணல் தொப்பி பகிடிக்காரனுக்கு. வெறும் போத்தல் குடிகாரத் தகப்பனுக்கு. "உலகத்தில இருக்கிற எல்லாக் கதையையும் இந்தப் பெட்டிக்குள்ள கிடக்கிறவையை வைச்சு நடிக்கலாம். புதுசா ஒருத்தரும் பிறக்கிறேல்லை பிள்ளையள்" என்று சொல்லிப் பெட்டியைச் சாத்துவார். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. அவர் சொன்னதை வேதவாக்காக நம்பினேன்.

இத்தனை வருடம் புத்தகங்களுக்கு நடுவே இருந்து பார்த்ததில், அவர் சொன்னது முழுப் பிழை என்றும் எனக்குச் சொல்ல ஏலாது. நாவலைத் திறந்தால் சில பக்கங்களுக்குள் அந்தப் பெட்டி ஆட்களில் ஒருவர் வந்து கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார். கருணையுள்ள ஆசிரியர், பிள்ளைகளுக்காகத் தேய்ந்த தாய், துரோகம் செய்த தம்பி, எல்லாம் தெரிந்த கிழவர். குடிகாரத் தகப்பன் வராத சிறுகதைத் தொகுதி ஒன்றைக் காட்டச் சொன்னால் நான் அலுமாரி அலுமாரியாகத் தேட வேண்டும். அப்படியான தகப்பன்மார் இல்லையென்றா சொல்லுகிறேன்? எங்கள் ஒழுங்கையிலேயே இருந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகள் என்னோடு படித்தார்கள், அவர்கள் அழுத அழுகை பொய்யல்ல. வாசிக்கிறவர்களுக்கும் தெரிந்த ஆள் வந்தால்தான் சுகம். பெயர் சொல்ல முதலே இன்னார் என்று தெரிந்துவிடும், யாரைப் பார்த்துச் சிரிப்பது, யாருக்காக அழுவது என்று யோசிக்கத் தேவையில்லை. கதைக்குள் அது நடந்துவிட்டுப் போகட்டும். ஆனால் சோற்றையும் மீன்குழம்பையும் சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிற ஒரு மனிதரைப் பிடித்து அந்தப் பெட்டிக்குள் தள்ளி மூடினால், அவர் எப்படி வெளியே வருவார்? அதை ஒரு புத்தகத்திலும் நான் வாசிக்கவில்லை.

என் அப்பா மூதூருக்கு ஓடின லோஞ்சில், சனம் ஏற்றுகிற மோட்டர்ப் படகில், சுக்கான் பிடித்தவர். பாலங்கள் வராத காலம் அது. மூதூர்ச் சனம் ஆஸ்பத்திரிக்கு, கந்தோருக்கு, சந்தைக்கு, எதற்கு வருவதென்றாலும் குடாவைக் கடந்துதான் வரவேண்டும். காலையில் எங்கள் துறைமுகத்தில் ஏறுகிறவர்களைக் கொண்டுபோய் விட்டு, அங்கிருந்து சனத்தை ஏற்றிக்கொண்டு வந்து இறக்குவார், பின்னேரம் அவர்களைக் கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பி வருவார். அவரை நல்ல மனிதர் என்று எழுத எனக்கு ஆசைதான். ஆனால் மாஸ்டர் செய்ததையே நானும் மறுபக்கமாகச் செய்யப் போவதில்லை. அப்பா ஒரு தெய்வமும் இல்லை. முன்கோபக்காரர். கறியில் உப்புக் கூடினால் அம்மாவோடு நாட்கணக்கில் கதைக்க மாட்டார். கிரிக்கெட் வர்ணனை போகிற நேரம் வீட்டில் யாரும் இருமக்கூடாது. தலைமயிரில் அவருக்கு இருந்த பெருமைக்கு அளவில்லை. கிறீம் பூசி, படிய இழுத்து, சேட்டுப் பொக்கற்றில் சீப்பும் வைத்துக்கொண்டுதான் கடலுக்கே போவார். காற்றடிக்கிற லோஞ்சில் நின்று தலை இழுக்கிற மனிதரை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். குடிக்காததும் ஒரு கொள்கையால் அல்ல. அவருக்குச் சாராய மணம் பட்டாலே ஓங்காளம் வரும். கலியாண வீடுகளில் பந்தலுக்குப் பின்னால் போத்தல் திறக்கிற பக்கம் போகாமல் சுற்றிக்கொண்டு வருவார். வயிறு ஒத்துக்கொள்ளாத ஒரு விஷயத்துக்கு யாரும் மாலை போட வேண்டியதில்லை, அதைக் கடைசிவரைக்கும் அவருக்கு எதிராகத் திருப்பாமல் விட்டிருந்தாலே போதும்.

அவருடைய நடைதான் வினையாகப் போனது. நான் பிறக்க முதலே இறங்குதுறைப் படியில் விழுந்து இடுப்பெலும்பு உடைந்தது. கடலில் விழுந்த பிள்ளையைக் காப்பாற்றப் போய் விழுந்தார் என்று எழுதினால் வாசிக்க நன்றாக இருக்கும். அப்படி ஒன்றுமில்லை. பாசி வழுக்கியது, விழுந்தார். எலும்பு பொருந்தினது சரியாகப் பொருந்தவில்லை. அதோடு வருடக்கணக்காக ஆடுகிற தட்டில் காலை அகட்டி நின்று பழகின உடம்பு. தரையில் நடந்தால் வலப்பக்கம் சாய்வார், பிறகு இடப்பக்கம் எறிவார், நடுவில் ஒரு கணம் நின்று திசையைப் பிடிப்பார். லோஞ்சில் ஏறி சுக்கானைப் பிடித்துவிட்டால் ஆள் நிமிர்ந்துவிடுவார். எந்த அலைக்கும் அந்த முதுகு வளையாது. தரையில்தான் அவருக்குக் கடல், கடலில்தான் தரை என்று அம்மா பகிடி பண்ணுவார். அப்பாவும் சிரிப்பார். அந்த நடை எங்களுக்கு ஒரு குறையாகத் தெரிந்ததே இல்லை.

அந்த வருடம் மாஸ்டர் குடிக்கு எதிராக ஒரு நாடகம் எழுதினார். மகள் வேடத்துக்கு என்னைக் கேட்டார். குரல் நல்லது, அழச்சொன்னால் அழுவாள் என்று அம்மாவிடம் சொல்லிக் கேட்டார். எங்கள் வீட்டில் எல்லாருக்கும் சந்தோசம். குடிகாரத் தகப்பனாக நடித்தவர் சந்தையில் மரக்கறிக் கடை வைத்திருந்த ஒரு வாலிபர். பாவம், அவருக்கு நடிப்பு வராது. போத்தலைக் கையில் கொடுத்தால் பால்மா ரின்னைப் பிடித்தமாதிரிப் பிடிப்பார். தள்ளாடச் சொன்னால் நாட்டியம் ஆடுவார். ஒத்திகை பார்க்க வந்தவர்கள் ஒருவரும் சிரிக்கவில்லை. மாஸ்டர் தலையில் கையை வைத்துக்கொண்டு இருந்தார். பிறகு ஒருநாள் பின்னேரம் அந்த வாலிபரைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு எங்கோ போனார். அடுத்த ஒத்திகையில் வாலிபர் நடந்தார் பாருங்கள், மண்டபமே விழுந்து விழுந்து சிரித்தது. நானும் சிரித்தேன். வலப்பக்கம் சாய்ந்து, இடப்பக்கம் எறிந்து, நடுவில் நின்று திசை பிடித்து. போத்தலும் தலைவிரிகோலமும் பீத்தல் சேட்டுமாகப் பார்த்தபடியால் அது யாருடைய நடை என்று எனக்குத் தட்டுப்படவில்லை. பிறகுதான் தெரிந்தது, மாஸ்டர் இறங்குதுறைக்குக் கூட்டிக்கொண்டு போய், லோஞ்சால் இறங்கி வருகிற என் அப்பாவுக்குப் பின்னால் அந்த மனிதரை நடந்து பழகவிட்டிருக்கிறார். அப்பா திரும்பிப் பார்த்திருந்தால் என்ன நினைத்திருப்பார் என்று இன்றைக்கும் யோசிப்பேன்.

மேடையேறிய அன்று அப்பா புதுச் சேட்டுப் போட்டு, தலைக்குக் கிறீம் பூசி, முன்வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தார். மகளைப் பார்க்க வந்தவர். திரை திறந்து குடிகாரத் தகப்பன் நடந்து வந்ததும் முதலில் சிரித்தவர்களில் அவரும் ஒருவர். நான் மேடையில் ஒரு மூலையில் விளக்குமாற்றோடு நின்று பார்த்தேன், வாய்விட்டுச் சிரித்தார். அப்போதுதான் பின்வரிசையிலிருந்து யாரோ, "அண்ணை, சுக்கானைப் பிடியுங்கோ!" என்று கத்தினார்கள். மண்டபம் கிடுகிடுத்தது. எல்லாரும் ஏதோ ஒருநாள் அந்த லோஞ்சில் போனவர்கள்தானே. அப்பா சிரித்துக்கொண்டே யாரைச் சொல்கிறார்கள் என்று பின்னால் திரும்பிப் பார்த்தார். எல்லா முகமும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. மறுபடி மேடைப் பக்கம் திரும்பினபோது அவருடைய முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றது, ஆனால் அதில் ஆள் இல்லை. அதைப் பார்த்துக்கொண்டே நான் என் வசனத்தைச் சொல்ல வேண்டியிருந்தது. கண்ணாடி போட்ட நல்ல மனிதர் வந்து தகப்பனைப் பற்றி விசாரிப்பார், தகப்பனுக்கு நோய் என்று மகள் மறைத்துப் பொய் சொல்லுவாள். "என்ர அப்பா குடிக்கிறேல்லை ஐயா. அவருக்கு வருத்தம், அதாலதான் தள்ளாடுறவர்." அந்த இடத்தில் பெண்கள் எல்லாம் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளை சொல்லிக் கொடுத்ததைச் சொன்னது. அதில் எனக்கு ஒரு குற்ற உணர்ச்சியும் இல்லை. இருப்பதெல்லாம் கோபம்தான்.

யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும். சனம் கணக்குப் பார்த்தது, அவ்வளவுதான். மேடையில் குடிகாரன் நடந்த நடை இவருடைய நடை. மேடையில் அழுத மகள் இவருடைய சொந்த மகள். போத்தல் வந்ததும் இவருடைய வீட்டிலிருந்துதான். பிறகென்ன? கொஞ்ச நாளைக்கு அது பகிடியாக இருந்தது. அப்பா ஒழுங்கையால் வந்தால், "என்ன அண்ணை, இண்டைக்குக் கடல் கொந்தளிப்போ?" என்பார்கள். பிறகு பகிடி நின்றது. பகிடி நின்ற பிறகுதான் நிலைமை மோசமாகியது. லோஞ்சில் ஏறுகிற பெண்கள் பிள்ளைகளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்கள். யாரோ ஒருவர், கரைக்கு வரும்போது லோஞ்ச் ஒரு இடி இடித்தது என்றார். அந்த இடி முன்பும் இடிக்கிறதுதான், அப்போது அதற்குக் காற்றுத்தான் காரணமாக இருந்தது.

அம்மா மாஸ்டரிடம் போனார். நானும் கூடப் போனேன். "சனத்துக்கு ஒருக்கா எடுத்துச் சொல்லுங்கோ மாஸ்டர். அவர் வாயில ஒரு சொட்டு வைக்கிறேல்லை எண்டு உங்களுக்குத் தெரியும்தானே" என்று கெஞ்சினார். மாஸ்டர் நல்லமாதிரித்தான் கதைத்தார். தேத்தண்ணி குடிக்கச் சொன்னார். "அக்கா, நாடகம் வேற, சீவியம் வேற. அது சனத்துக்கு விளங்கும். நான் போய் அவர் குடிக்கிறேல்லை எண்டு சொன்னால், ஏன் இவர் விழுந்தடிச்சுச் சொல்லுறார் எண்டுதான் சனம் நினைக்கும். கொஞ்சநாள் போகச் சனம் மறந்துபோகும்" என்றார். அடுத்த கிழமை அந்த நாடகத்தைப் பக்கத்து ஊரான உப்புவெளியில் போட்டார்கள். அம்மா என்னைப் போகவிடவில்லை. வேறொரு பிள்ளை மகளாக நடித்தது. நடை மாறவில்லை.

லோஞ்ச் முதலாளி மூதூர்க்காரர், அப்பாவை வருடக்கணக்காகத் தெரிந்தவர். அவரும் என்ன செய்வார், சனம் ஏறினால்தான் லோஞ்ச். அது போர்க்காலம், இறங்குதுறைச் சோதனைச் சாவடியில் யாராவது ஒரு வார்த்தை சொன்னால் ஓடுகிற அனுமதியே போய்விடும் என்ற பயமும் இருந்தது. அதனால் ஒரு வழி கண்டுபிடித்தார். காலையில் ஏறுமுன் அப்பா எல்லாருக்கும் முன்னால் அவருடைய முகத்துக்கு நேரே வாயைத் திறந்து ஊதிக்காட்ட வேண்டும். "கோவிக்காதீங்க தம்பி, உங்களுக்காகத்தான். நம்மட சனம் கண்ணால கண்டாத்தான் நம்பும்" என்றார். அப்பா ஊதினார். தலை இழுத்து, சீப்பைப் பொக்கற்றில் வைத்துக்கொண்டு, ஐம்பதைத் தொடப்போகிற மனிதர், வரிசையில் நிற்கிற சனத்துக்கு முன்னால் ஊதினார். முதலாளி மணந்து பார்த்துவிட்டு, "ஒண்டுமில்லை, ஏறுங்க" என்று சத்தமாகச் சொல்லுவார். மணம் இல்லாததைக் கண்ட சனம் என்ன சொன்னது தெரியுமா? ஏலக்காய் மெல்லுகிறானாம். கொத்தமல்லி மெல்லுகிறானாம். மணமில்லாமல் குடிக்கப் பழகிவிட்டானாம்.

ஒருநாள் பள்ளிக்கூடம் இல்லாத காலையில் அப்பாவோடு போயிருந்தேன். அந்த ஊதலைக் கண்ணால் கண்டது அன்றைக்குத்தான். எனக்குப் பொறுக்க முடியவில்லை. முதலாளியின் முன்னால் போய் நின்று, "எங்கட அப்பா குடிக்கிறேல்லை. அவருக்கு இடுப்பில வருத்தம், அதாலதான் தள்ளாடுறவர்" என்று அழுதுகொண்டே கத்தினேன். முதலாளி என் தலையைத் தடவினார். அவருடைய கண் கலங்கியிருந்தது. "நாடகத்திலயும் இதத்தானே மகள் சொன்னீங்க" என்றார். அன்றைக்குப் பின்னேரம் அப்பாவைச் சுக்கானிலிருந்து இறக்கிவிட்டார்கள்.

சம்பளம் கொஞ்சம் குறைவாக, கரையில் ஒரு நெல் களஞ்சியத்தில் காவலுக்கு முதலாளியே எடுத்துக் கொடுத்தார். சாப்பாட்டுக்குக் குறையில்லை. ஆனால் அதற்குப் பிறகு அப்பா முழு நாளும் தரையில்தான் நின்றார். நிமிர்ந்து நின்ற அப்பாவை அதன்பிறகு நான் பார்க்கவே இல்லை. ஆடாமல் நடக்கவேண்டும் என்று பயந்து, மதிலோரமாக ஒரு கையால் சுவரைப் பிடித்துப் பிடித்து வருவார். அதைப் பார்த்தால் இரண்டு மடங்கு குடிவெறிகாரன் மாதிரி இருக்கும். சொல்லவும் மனம் வராது. கொஞ்ச வருடத்தில் தலைக்குக் கிறீம் பூசுவதையும் விட்டுவிட்டார். குடிகாரத் தகப்பனுக்கு மாஸ்டர் போட்ட தலைவிரிகோலம் தானாகவே வந்து சேர்ந்தது.

இனித்தான் கேளுங்கள் கூத்தை. வருடங்கள் போகப் போக, அப்பா குடித்ததைக் கண்ட ஒருவரும் இல்லையென்பது சனத்துக்கு விளங்கத் தொடங்கியது. சாராயக் கடையில் கண்டவர் இல்லை, ஒழுங்கையில் விழுந்து கிடந்ததைக் கண்டவர் இல்லை. அப்பாடா, இனி விட்டுவிடுவார்கள் என்று அம்மா நினைத்தார். சனம் வேறு முடிவுக்கு வந்தது. அவர் திருந்திவிட்டார்! நாடகத்தைப் பார்த்துத் தன்னைத் தானே கண்டு திருந்திவிட்டார்! குடிக்காத மனிதர் குடிக்காமல் இருந்தது மாஸ்டருடைய நாடகத்தின் வெற்றி ஆகிவிட்டது. வெளியிலிருந்து வந்த தொண்டு நிறுவனக்காரர்கள் "இது உண்மைக் கதையா?" என்று கேட்டபோது மாஸ்டர் ஓம் என்றார். அதன்பிறகு அவர் ஏறாத மேடை இல்லை. ஒரு கலை ஒரு மனிதனை மாற்றும் என்பதற்கு எங்கள் அப்பாதான் உதாரணம். அப்பா செத்த அன்று மாஸ்டர் வீட்டுக்கு வந்து பெட்டியடியில் நின்று, "தன்னைத் தானே வெண்ட மனுசன்" என்று நாத்தழுதழுக்கச் சொன்னார். அம்மா மாரடித்து அழுதுகொண்டிருந்தவர் அதைக் கேட்டதும் அழுகையை நிறுத்தினார். கோபத்தில் அழுகை வரவில்லை என்று பிறகு சொன்னார். சில வருடம் கழித்து அந்தக் கோபத்தோடேயே அவரும் போய்ச் சேர்ந்தார்.

மலருக்காக வந்த தம்பி போனபிறகு, இதற்கு ஒரு முடிவு கட்டவேண்டும் என்று மாஸ்டரின் வீட்டுக்குப் போனேன். எண்பது வயதிலும் ஆள் திடமாகத்தான் இருக்கிறார். என்னைக் கண்டதும் கண் நிறைந்துவிட்டது. "வா பிள்ளை, வா" என்று கையைப் பிடித்து இருத்தினார். நான் சுற்றி வளைக்கவில்லை. "மாஸ்டர், எங்கட அப்பா குடிக்காதவர். உங்களுக்குத் தெரியும். விழாவில ஒரு வசனம், அவ்வளவுதான் கேக்கிறன். அவர் குடிக்கேல்லை எண்டு மைக்கில சொல்லுங்கோ" என்றேன். "பிள்ளை, எனக்கு விளங்குது. ஆனால் என்னட்டையும் நீ மறைக்க வேணுமோ? எத்தினை நாள் இறங்குதுறையடியில விழுந்து கிடந்தவரை நானே தூக்கிச் சைக்கிளில வைச்சுக் கொண்டுவந்து உங்கட வீட்டில விட்டனான். கொம்மா கதவைத் திறந்துபோட்டு அழுவா" என்றார். இரண்டாம் காட்சி அது. நாடகத்தில் கண்ணாடி போட்ட நல்ல மனிதர் தகப்பனைத் தூக்கிக்கொண்டு வருவார், தாய் கதவைத் திறந்து அழுவாள். எழுதினவரே மறந்துபோய்விட்டார். பொய் சொல்லுகிற மனிதரின் சட்டையைப் பிடித்து உலுக்கலாம். இவர் பொய் சொல்லவில்லை. அந்த ஈரக் கண்ணைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

ஆனாலும் விழாவுக்குப் போனேன். அவர் சொல்லாவிட்டால் நானே சொல்லுவேன் என்ற வைராக்கியம். என் மகளையும் கூட்டிக்கொண்டு போனேன். அவள் பல்கலைக்கழகத்தில் உளவியல் படிக்கிறாள், விடுமுறைக்கு வந்திருந்தாள். மண்டபம் நிறையச் சனம், பொன்னாடை, மாலை. என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். மைக்கைப் பிடித்து, வணக்கம் சொன்ன கையோடு, "என்ர அப்பா ஒரு நாளும் குடிச்சதில்லை. அவருக்கு இடுப்பு உடைஞ்சிருந்தது. அந்த நாடகத்தாலதான் அவருக்கு வேலை போனது" என்றேன். இதைவிடச் சுருக்கமாக, இதைவிடத் தெளிவாக ஒரு விஷயத்தைச் சொல்ல முடியுமா? மண்டபத்தில் இருந்தவர்கள் கைதட்டத் தொடங்கினார்கள். எழும்பி நின்று தட்டினார்கள். முன்வரிசையில் ஒரு அம்மா, "இப்பிடியும் ஒரு மகளோ" என்று மூக்கை உறிஞ்சினார். மாஸ்டர் மேடையில் தடுமாறி எழும்பி வந்து என்னைத் தோளோடு அணைத்துக்கொண்டு மைக்கை வாங்கி, "இண்டைக்கும் தகப்பனை விட்டுக்குடுக்கிறாள் இல்லைப் பாருங்கோ" என்றார். எல்லாரும் அழுதார்கள். படம் எடுத்தார்கள். அந்தப் பெட்டிக்குள் எனக்கும் ஒரு உடுப்பு எப்போதோ தைத்து வைத்திருந்திருக்கிறார்கள்.

விழா முடிந்து திரும்பும்போது ஓட்டோவில் மகள் என் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு இருந்தாள். கடற்கரை வீதியால் வந்துகொண்டிருந்தோம். அவள் என் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள். "அம்மா, ஒண்டு கேக்கட்டே? கோவிக்கக்கூடாது" என்றாள். கேள் என்றேன். "எனக்கெண்டாலும் உண்மையைச் சொல்லலாம்தானே. குடி ஒரு வருத்தம் அம்மா. அம்மப்பாவில ஒரு பிழையும் இல்லை. அதில வெக்கப்பட ஒண்டுமில்லை. நீங்கள் அதை ஏற்றுக்கொண்டால் உங்களுக்குத்தான் நிம்மதி."

மண்டபத்தில் அத்தனை பேர் தட்டினபோது வராத அழுகை அப்போது வந்தது. அழுதால் அதற்கும் அவள் ஒரு அர்த்தம் படித்து வைத்திருப்பாள் என்று அடக்கிக்கொண்டேன். ஓட்டோக்காரர் கண்ணாடியில் ஒருமுறை பார்த்துவிட்டுப் பார்வையை எடுத்துக்கொண்டார்.

"அவர் குடிக்கேல்லை" என்றேன்.

"ஓம் அம்மா" என்றாள். கையைத் தடவிக் கொடுத்தாள்.

வருத்தக்காரருக்குச் சொல்லுகிற ஓம் அது. மனம் நோகாமல், பொறுமையாக, அன்பாக. அவள் அம்மப்பாவைக் கண்டதில்லை. அவர் எப்படிப்பட்டவர் என்று அவளுக்குச் சொல்ல இந்த உலகத்தில் மிஞ்சியிருந்த ஒரே ஆள் நான். அவள் என்னை நம்பவில்லை.